இடப்பக்கத்துச் சதுரம்

குன்னூரில் செல்லதுரையை அறிந்தவர்களில் பாதிப் பேர் அவர் விமானம் ஓட்டியவர் என்றே நினைத்திருந்தார்கள். அவர் ஓட்டியதில்லை. வடக்கே விமானப்படையின் பயிற்சித் தளம் ஒன்றில் பெயின்டராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். வயது அறுபத்து மூன்று. மனைவி ரோஸ்மேரி இறந்தபின் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் மார்க்கெட் வரை ஒரு நடை என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அப்படியிருக்கையில் கோத்தகிரியிலிருந்து அலன் அவரைத் தேடி வந்தார். அலனுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. பழைய விமானம் என்றால் பைத்தியம். ஏலத்தில் ஒரு பயிற்சி விமானத்தைத் துண்டு துண்டாக எடுத்துவந்து, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில், முன்பு கொழுந்து உலர்த்திய நீளக் கூடத்தில் போட்டு, இரண்டு வருடமாகப் பொருத்திக்கொண்டிருந்தார். அது பறக்காது, ஆனால் இன்ஜின் ஓடும், விசிறி சுற்றும். ஜனவரியில் சமவெளியில் நடக்கும் விமானக் காட்சியில் நிறுத்துவதாக ஏற்பாடு. பெயின்ட் மட்டும்தான் பாக்கி.

“ஏதோ ஒரு சில்வர் அடிச்சா போதும்னா நானே அடிச்சிருப்பேனுங்க அண்ணா,” என்றார் அலன். “அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். வர்றவங்க எழுத்தோட உயரத்தைக்கூட அளந்து பார்ப்பாங்க.”

செல்லதுரை சந்தோஷமாகத்தான் போனார். இறக்கையில் பட்டை சிவப்பா ஆரஞ்சா என்று அலன் மாதக்கணக்கில் யாரோடெல்லாமோ வாதாடியிருந்தார். ஆரஞ்சு என்று இவர் ஒரே சொல்லில் முடித்துவைத்தார். எண்களை எழுதப் பழைய எக்ஸ்ரே பிலிமில் அச்சு வெட்டியதையும், வெள்ளிப் பூச்சு வெயிலில் லேசாக மஞ்சளித்ததையும் சொல்லச் சொல்ல அலன் குறித்துக்கொண்டார்.

“எந்த நம்பர் போடப் போறீங்க?” என்று செல்லதுரை கேட்டார்.

அலன் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினார். புதுப் பெயின்ட் பளபளக்கும் விமானத்தின் மேல் ஓர் இளம் அதிகாரி சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் 417 என்ற எண்.

“நஞ்சப்பன். நம்ம மஞ்சூர்க்காரர். எண்பத்தெட்டுல விழுந்து இறந்துட்டார். இது அதுக்கு முந்தின நாள் எடுத்ததாம். அவர் தங்கச்சி தெய்வம்மா அக்கா குடுத்தாங்க. நம்ம மலைக்காரர் பேர்லயே நிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம்.”

செல்லதுரை படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “வேற நம்பர் போடலாமே” என்றார். ஏன் என்று அலன் கேட்டபோது தூரிகையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

ஆனாலும் மூன்று வாரம் தினமும் பஸ் பிடித்துப் போனார். கோத்தகிரியில் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொள்ளும் நாட்களில் பெயின்ட் காயாது; அப்போது தேய்க்கும் வேலையைச் செய்தார். சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சில் ஏதோ சளி என்று அலனிடம் சொல்லிவைத்தார்.

நாலாவது வாரம் அலன் அந்தப் படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். எழுத்தின் ஓரங்களை அளக்கத்தான். அளந்துகொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“அண்ணா, இதப் பாருங்க. காத்துத் துளை இங்கதான இருக்கணும்? படத்துல காணோம். சதுரமா என்னமோ மூடின மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல அப்படி மூடியே விடுவாங்களா?”

விமானத்தின் இரு பக்கமும் பட்டன் அளவில் ஒரு தகடும் அதில் ஊசித் துளைகளும் இருக்கும். வெளிக்காற்று அந்தத் துளைகள் வழியாகப் போனால்தான் உயரம் காட்டும் கருவி வேலை செய்யும். பெயின்ட் அடிக்கும்போது துளை அடைபடாமலிருக்க அதன்மேல் டேப் ஒட்டுவார்கள். அடித்து முடித்ததும் உரித்துவிட வேண்டும்.

“மூட மாட்டாங்க,” என்றார் செல்லதுரை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை மஞ்சூர் பஸ் ஏறினார்.

தெய்வம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வீட்டுக்கு முன்னால் கேரட் பாத்தியில் நின்றிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பெயின்ட் அடிக்கிறவர் நீங்கதானுங்களா? அலன் தம்பி சொன்னாரு. உக்காருங்க.”

செல்லதுரை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அணிவகுப்புக்காக இரண்டு நாளில் நாலு விமானம் முடிக்க வேண்டியிருந்தது. டேப்பில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவது விதி, துணி தீர்ந்துபோயிருந்தது. ஞாபகம் இருக்கும் என்று விட்டுவிட்டார். மூன்றில் உரித்தவர் நாலாவதை, 417-ஐ, மறந்தார். எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டார். காலையில் நஞ்சப்பன் மேகத்துக்குள் ஏறினார். இறங்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் குன்றில் மோதினார்.

“உடைஞ்சதை அள்ளப் போன ஆளுங்கள்ல நானும் ஒருத்தனுங்க. வலப்பக்கம் எரிஞ்சிருச்சு. இடப்பக்கத் தகடு அப்படியே கெடந்துச்சு, டேப்போட. யாரும் பார்க்கறதுக்குள்ள உரிச்சுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.”

தெய்வம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, “அது எங்க இருக்கு?” என்றார்.

“அன்னைக்கே எரிச்சுட்டேனுங்க.”

“விளையாட்டுக்குத் தாழப் பறந்து செத்தான்னு எழுதிட்டாங்க. ஊர்ல அதுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுப் பேசினாங்க. எங்கப்பா அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் இருந்தார். ஒரு நாளும் அண்ணன் பேரை எடுக்கல. நம்பிட்டார்.” கொஞ்சம் நிறுத்தி, “நானும்தான் நம்பினேன்” என்றார்.

“ஏறுறதுக்கு முன்னாடி பைலட்டும் ஒருதரம் சுத்திப் பார்க்கணுங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் நான்...”

“அதை நீங்க சொல்லாதீங்க.”



தெய்வம்மா உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். நடந்ததை எழுதச் சொன்னார். செல்லதுரை எழுதியதை வாங்கிப் படித்து, ‘டேப் அகற்றப்படாமல் விடுபட்டுவிட்டது’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“யார் விட்டது? அதை எழுதுங்க.”

மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். செல்லதுரை படியிறங்கும்போது தெய்வம்மா பின்னாலிருந்து சொன்னார்: “அலன் தம்பிகிட்டயும் சொல்லிருங்க. விமானம் அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். எதையும் விட வேண்டாம்.”

செல்லதுரை சொல்லக் கேட்டு அலன் திட்டவில்லை. கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். “உங்களை இனிமே வர வேண்டாம்னு சொல்லத்தான் தோணுச்சு. அக்காவுக்குப் போன் பண்ணினேன். டேப்பை நீங்களே ஒட்டணுமாம்.”

செல்லதுரை டேப்பை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினார். மேலே வெள்ளிப் பூச்சு அடித்தார். ஓர் ஓரம் கோணலானது. பிரித்து மறுபடி ஒட்டினார்.

காட்சியன்று நல்ல கூட்டம். பெரும்பாலோர் விசிறிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆரஞ்சுப் பட்டையை இரண்டு பேர் பாராட்டினார்கள். மத்தியானம் ஒரு முதியவர், விறைத்த நடையிலேயே பழைய அதிகாரி என்று தெரிந்தது, இடப்பக்கம் குனிந்து பார்த்தார்.

“துளை மேல டேப் இருக்கே. எடுக்க மறந்துட்டீங்களா?”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தெய்வம்மா எழுந்தார். “மறக்கலீங்க. எங்கண்ணன் ஏறுனப்ப இப்படித்தான் இருந்துச்சு. இவர்தான் ஒட்டினவர். கேளுங்க.”

செல்லதுரை சொன்னார். அதிகாரி கேட்டு முடித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் கேட்டுக்கொண்டே போனில் படம் பிடித்தான்.

தெய்வம்மா விமானப்படைக்கு அனுப்பிய தாளுக்கு அதற்குள் பதில் வந்திருந்தது. கடிதம் கிடைத்தது, அந்த ஆண்டின் கோப்புகள் தேடப்படுகின்றன என்று இரண்டே வரி. அவ்வளவுதான்.

திரும்பும்போது அலனின் ஜீப்பில் தெய்வம்மா முன்னால், செல்லதுரை பின்னால். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தெய்வம்மா திரும்பாமலே கேட்டார்.

“அன்னைக்குக் காலைல அண்ணன் ஏறும்போது நீங்க பார்த்தீங்களா? எப்படி இருந்தான்?”

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று செல்லதுரைக்கு ஒரு கணம் தோன்றியது.

“பார்க்கலீங்க. வேலை முடிச்ச அசதி. பேரக்ஸ்ல தூங்கிட்டிருந்தேன்.”

தெய்வம்மா தலையை மட்டும் அசைத்தார். பர்லியாறு கடந்து குளிர் ஏறியது. அலன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். குன்னூரில் செல்லதுரை இறங்கினார். மஞ்சூர் பக்கம் போக வேண்டிய ஜீப் நின்ற வேகத்திலேயே கிளம்பியது.