ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தாத வண்டி

சாயங்காலம் ஆறே காலுக்கு ஆம்பூர் பைபாஸில் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதே மேகலாவின் கண் தெருப்பக்கம் போகும். தெருமுனையில் எதிர்வீட்டு பக்ருன்னிசா நின்றுகொண்டிருந்தால் விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம்.

"இன்னிக்கும் கத்துச்சாக்கா?"

"கத்துச்சாவா? மூணு தடவை! கொழந்தைய தூங்க வெச்சிட்டு அப்பதான் அஃப்ஷா ஒரு வாய் சோத்துல கைய வெச்சா. ஆரம்பிச்சிடுச்சு உன் வண்டி. போய் பானெட் மேல ரெண்டு போட்டேன்."

"அடிச்சா நின்னுடுதா?"

"அது எங்க எனக்கு பயப்படுது. தானா நின்னுது. வந்தது வந்தாச்சேன்னு ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன், அண்ணன் முழிச்சினு இருந்தாரு. தண்ணி குடுத்துட்டு வந்தேன்."

அண்ணன் என்றது மேகலாவின் புருஷன் கோதண்டராமனை. ஒரு தோல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டிரைவர். ஷூ வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களை சென்னை ஏர்போர்ட்டில் ஏற்றி ஆம்பூரில் இறக்குவது அவர் வேலை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். பின்னால் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கம்பெனி புது வண்டி எடுத்தபோது, அவர் ஓட்டிய 2003 மாடல் வெள்ளைக் காரை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் நிறுத்திய இரண்டாவது வாரமே எவனோ காரின் டேப் செட்டைக் கழற்றிக்கொண்டு போக, அலாரம் வாங்கி மாட்டினார்.

போன ஆடி மாசம் அந்தக் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. மிஞ்சியது தொண்டைக்குள் உருளும் ஒரு சத்தம். அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும்.

மேகலா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைப்பவள். எட்டு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஐந்தரைக்குத்தான் எழுவாள். கோதண்டராமனின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டு, இடது கை எட்டுகிற தூரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். ஒரு மணிக்குக் கஞ்சி ஊட்டுவது பக்ருன்னிசா. யாரும் கேட்காமலே அவள் ஏற்றுக்கொண்ட வேலை. அவள் சலித்துக்கொண்டால் மேகலாவின் வேலை போச்சு. பக்ருன்னிசாவின் மகள் அஃப்ஷா பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கிற வண்டியை எத்தனை நாள் பொறுப்பார்கள்?

எலக்ட்ரீஷியன் ஹயாத் பாஷா முதல் ஞாயிறு வந்து பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். சார்ஜ் கம்மியானால் சில அலாரம் தானாகவே அலறுமாம். லாரி போகிற அதிர்வுக்குக் கத்தக்கூடாது என்று சென்சாரையும் குறைத்து வைத்தார். திங்கட்கிழமை இரண்டு தடவை கத்தியது. அடுத்த ஞாயிறு பானெட்டுக்கு அடியில் இருக்கும் பொத்தான் துருப்பிடித்திருந்தது என்று மாற்றினார். நாலு கதவின் சுவிட்சையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். செவ்வாய்க்கிழமை மூன்று தடவை.

மூன்றாவது ஞாயிறு காலை முழுக்க வண்டி வாயே திறக்கவில்லை. ஹயாத் பாஷா பானெட்டைத் தட்டினார், கதவைக் குலுக்கினார், டயரை உதைத்தார்.

"இன்னா தங்கச்சி, உன் வண்டிக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?"

"நான் வீட்ல இருந்தா கத்தாது பாய். அதுக்கு என்னைக் கண்டா பயம்."

"உன் வூட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். மேகலா சாய்ந்திருந்த ஜன்னலுக்கு உள்ளே கோதண்டராமனின் தொண்டை உருண்டது. அவரும் சிரிக்கிறார் என்று மேகலா நினைத்தாள்.

"புது சென்சார் வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும்."

"அதுவரைக்கும் சைரன் ஒயரைப் பிடுங்கிடு பாய். பச்சக்கொழந்த இருக்கிற இடம். எதிர்வீட்டம்மா மூஞ்சில முழிக்க முடியல."

அவர் பிடுங்கினார்.

மறுநாள் காலை முழுக்கத் தெரு அமைதியாக இருந்தது. பக்ருன்னிசா பேரனோடு கண்ணயர்ந்துவிட்டாள். ஒரு மணிக்குக் கஞ்சியோடு கதவைத் தள்ளியபோது கோதண்டராமன் தரையில் கிடந்தார். டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது. சிந்திய தண்ணீர் காய்ந்தே போயிருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனை இருதயம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் படுக்கவைத்து அனுப்புவதாக முடிவானது.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்க வீட்டுக்கு வந்த மேகலா, வாசலில் ஹயாத் பாஷா சென்சாரோடு நிற்பதைப் பார்த்தாள். இப்போது எதற்கு இது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அஃப்ஷா குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"சத்தம்தான் நின்னுச்சு பாய், ரிப்பேர் போவல. அன்னிக்கு காலைல நாலு மூலை லைட்டும் விட்டு விட்டு எரிஞ்சிட்டே இருந்துச்சு."

ஹயாத் பாஷா திரும்பினார். "என்னிக்கும்மா?"

"மாமா விழுந்த அன்னிக்கு. கொஞ்ச நேரம் எரியும், நிக்கும். மறுபடி எரியும். பத்து பதினஞ்சு தடவை இருக்கும். சத்தம் இல்லையே, கொழந்த தூங்குதேன்னு பார்த்துட்டு உள்ள போய்ட்டேன்."

அவர் சென்சாரைக் கீழே வைத்தார். சைரன் ஒயரை மாட்டி, மேகலா கையில் இருந்த ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். கார் அலறியது, நாலு விளக்கும் மின்னின, அரை நிமிஷத்தில் தானாக அடங்கியது.

"இப்படித்தானா?"

"இதேதான் பாய்."

"இது ரிப்பேர் இல்ல தங்கச்சி. திருடன் கை வெச்சா கத்துறது வேற மாதிரி, சீக்கிரத்துல நிக்காது. இது ஆபத்துக்கு ஆளைக் கூப்பிடுற பட்டன். யாரோ கூப்பிட்டாத்தான் கத்தும்." குரல் தாழ்ந்தது. "இந்த செட்டுக்கு ரெண்டு ரிமோட் குடுப்பாங்க. இன்னொண்ணு எங்க?"

"தொலைஞ்சு எத்தினியோ வருஷமாச்சுன்னு..."

மேகலா உள்ளே போனாள். மெத்தையின் இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது. பல மாசமாகக் கண்ணில் படுவதுதான். கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஊசியைத் தொடக் கை வரவில்லை. உள்ளே விரலை விட்டாள். பஞ்சுக்குள், ஸ்பேர் சாவியோடு, ரிமோட் இருந்தது. அதன் பெரிய பட்டன் எழுத்து அழிந்து வழவழவென்று கிடந்தது.

வண்டியை அடிக்க பக்ருன்னிசா வருவாள். வந்தவள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மேகலா பக்கத்தில் இருப்பாள், கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. கட்டிலில் உட்கார்ந்த மேகலாவுக்கு இது ஒவ்வொன்றாக விளங்கியது. ஒயரைப் பிடுங்கச் சொன்ன அன்று ஜன்னலுக்கு உள்ளே உருண்ட தொண்டை சிரிக்கவில்லை என்பது கடைசியாக விளங்கியது.

வாசலில் பக்ருன்னிசா அழுதுகொண்டிருந்தாள். "பேஜார் புடிச்ச வண்டின்னு திட்டினேனே. அண்ணனைத் திட்டியிருக்கேனே."

கோதண்டராமன் வீட்டுக்கு வந்ததும், புது செல் போட்ட ரிமோட்டை மேகலா அவர் இடது உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியலைங்க. இப்ப சத்தம் வருது. அழுத்திப் பாருங்க."

அவர் ரிமோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரல்கள் மூடவில்லை. அவளே அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தாள். அது வைத்தபடியே கிடந்தது.

இப்போது பக்ருன்னிசா மணிக்கு ஒரு தடவை தானாகவே வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். மெத்தையின் பிரிந்த ஓரத்தை மேகலா தைக்கவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ரிமோட்டை அந்தப் பிளவிலேயே, பட்டன் மேல்பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆறே காலுக்கு வேன் நிற்கிறது. தெருமுனையில் பக்ருன்னிசா இருக்கிறாளா என்று இறங்குவதற்கு முன்பே அவள் கண் தேடுகிறது.

"இன்னிக்காவது கத்துச்சாக்கா?"

பக்ருன்னிசா அவள் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்கிறாள்.

"இல்லம்மா. வா, போலாம்."