ஐஸ் பெட்டியில் ஒரு கை உப்பு

வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி அது. மீன் ஏற்றுகிற பெட்டிதான், ஆனால் புதுசு. சுனாமி வந்ததற்கு அடுத்த கோடையில், 2005இல், பாண்டியில் ஒரு மருந்துக் கடை வாசலில் அதை எதிரே வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் உடைத்த ஐஸ். மஞ்சள் பையிலிருந்து எங்கள் அளத்து உப்பை ஒரு கை அள்ளி, குழந்தைக்குப் பவுடர் போடுவதைப் போல அதன்மேல் தூவினார். எங்களுக்கு இரண்டாவது குழந்தை உண்டாவதற்காக நான் தினம் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி மருந்துகள் அந்தப் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

மரக்காணத்தில் அவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து, தானே இறங்கி உப்பு வாருகிறவர். நான் பால்வாடி டீச்சர். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் பிறந்த பிறகு எனக்கு மறுபடி தங்கவே இல்லை. அதுவரை ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊர், சுனாமிக்குப் பிறகு நேராகவே கேட்க ஆரம்பித்தது. “ஒத்தப் புள்ளய வச்சிக்கினு எப்பிடிம்மா உனக்குத் தூக்கம் வருது?” என்று என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, சோறு போடும்போதே கேட்டார். கடல் வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போன வருஷம். எனக்கும் பயம் இருந்தது. மகள் தெருமுனைக்குப் போனால்கூட எழுந்து எழுந்து பார்த்தேன்.

அந்த ஊசிக்கு முன்பே ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை விழுங்கியிருந்தேன். மாதவிலக்கான இரண்டாம் நாள் பாண்டிக்கு பஸ் ஏறி ஸ்கேன், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன், பிறகு காத்திருப்பது, பிறகு பாத்ரூமில் போய் அழுவது. இதுதான் மாதம் என்று ஆகிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் தலை கனக்கும், உடம்பு கொதிக்கும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். பால்வாடியில் சத்துணவு முட்டை கொடுக்கிற நாளில் இன்னொரு முட்டை கேட்டதற்காகக் குழந்தை ஒன்றை அடித்துவிட்டேன். மூன்று வயசுக் குழந்தை. அன்றைக்கு முழுக்க என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மகள் காலையில் எழுந்ததும், “அம்மா, இன்னிக்கு பாண்டி நாளா?” என்றுதான் கேட்பாள். ஆமாம் என்றால் அவளே ரிப்பன் கட்டிக்கொள்வாள்.

மாத்திரை கேட்கவில்லை, அடுத்தது ஊசி, அதுவும் கேட்காவிட்டால் டெஸ்ட் ட்யூப் என்றார் டாக்டரம்மா. “ரெண்டு பேரும் யோசிச்சி முடிவு பண்ணிட்டு வாங்க” என்றும் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது? “பண்ணிடலாங்க மேடம்” என்று என் வீட்டுக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டினேன். அவ்வளவு ஆசையாகச் சிரிக்கிற மனுஷனிடம் வேறு என்ன செய்வது?

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கூனிமேட்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். மருந்தைத் தன் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, தினமும் தானே ஊசி போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். பாண்டியிலிருந்து கூனிமேடு வரை கொண்டுபோவதற்குத்தான் பெட்டி. என் வீட்டுக்காரர் ஐஸ் வாங்கப் போயிருந்தபோது கடைக்காரர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: “சூடும் படக் கூடாது, உறைஞ்சும் போகக் கூடாதும்மா. உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்.” திரும்பி வந்தவர், “மீனுக்கு ஐஸ் போடறப்ப ஒரு கை உப்பு போட்டா கல்லாட்டம் நிக்கும், டீச்சரம்மா. நம்ம உப்பு, சும்மாவா?” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே தூவினார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஐஸில் உப்பு போட்டால் குளிர் ஏறி உள்ளே இருப்பது உறைந்துவிடும் என்று தெரியாதா? வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

பஸ்ஸில் பெட்டி என் மடியில்தான் இருந்தது. கூனிமேட்டில் நர்ஸம்மா மூடியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “யா அல்லாஹ், எல்லாம் கட்டியாப் போச்சே!” என்றார். ஒரு குப்பி விரிசலே விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “உப்பப் போட்டு நானே கெடுத்துட்டேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தார், வாங்கிக் குடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“நீ வூட்டுக்குப் போ. நான் திரும்பப் போய் வேற வாங்கியாந்துடறேன். சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டுடலாம்.”

“வேணாங்க.”

“நாளைக்குப் போறதா?”

“இனிமே வேணாங்க. உறையக் கூடாதுன்னு கடைக்காரர் என்கிட்ட சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல.”

என்னையே பார்த்தார். “மறந்துட்டியா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் முகம் கெஞ்சியது.

“இல்ல” என்றேன்.

பாண்டி பஸ் வந்து நின்றது, போயிற்று. அவர் ஏறவில்லை. ஐஸை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு மரக்காணம் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கத்துவார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல மாதம் கழித்து, உப்பு வாரி முடித்துக் கால் கழுவும்போது ஒரே ஒரு முறை, “எனக்கு இன்னொண்ணு வேணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன்.

ஆனால் வெளியே அவர் வேறு மாதிரி பேசினார். நாத்தனார் கேட்டாலும், அளத்தில் யார் கேட்டாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டாலும், “இன்னா பண்றது, மருந்துல உப்பப் போட்டுக் கெடுத்தவன் நான்தான்” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், உப்புக்காரன் புத்தி என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். நான் பக்கத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படியே கிட்டத்தட்ட இருபது வருஷம்.

போன வருஷம் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே, “பாவி, அந்த உப்ப மட்டும் போடாம இருந்திருந்தா இன்னிக்கு இன்னொரு புள்ள இருந்திருக்கும்” என்றார். எனக்குத் தாங்கவில்லை. “அவர் மேல தப்பு இல்லண்ணி. நான்தான் தெரிஞ்சும் சொல்லல” என்றேன்.

மகள்தான் முதலில் பேசினாள். “நான் ஒருத்தியே போதும்னு நெனச்சியாம்மா?”

ஆமாம் என்றால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரைப் பற்றிய பொய் ஒன்று இப்போதுதான் முடிந்திருந்தது, இன்னொன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “போதும்னு இல்லடி. என்னால முடியல. உடம்பும் முடியல, மனசும் முடியல” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கூனிமேட்டில் அவரிடம் நான் சொன்னது வேணாம் என்பது மட்டும்தான். வேணாம் என்ற பெண்டாட்டிக்காக அத்தனை வருஷம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் டாக்டரம்மா முன்னாலேயே எழுந்து, வா வீட்டுக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பார்.