நலன்விரும்பி நேசண்ணை

சென்ற சனிக்கிழமை ஒரு செத்தவீட்டுக்கு டை கட்டிக்கொண்டு போனேன்.

நம்மவர் செத்தவீட்டுக்கு டை எதற்கு என்று கேட்பீர்கள். இது சும்மா டை இல்லை. நீலமும் மஞ்சளும் கோடு போட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து டை. பழைய மாணவர் சங்கத்து உறுப்பினர் என்றால் ஆண்டு ஒன்றுகூடலுக்கும் செத்தவீட்டுக்கும் கட்டியே ஆகவேண்டும். கல்யாணவீட்டுக்குக் கட்டாயமில்லை... குழம்பு பட்டுவிடும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும்.

பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் எத்தனை பழைய மாணவர் சங்கம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். தெருவில் யாரோடாவது மோதிவிட்டு மன்னிப்புக் கேட்டால் அவர் ஒரு சங்கத்துத் தலைவராக இருப்பார். கூட வருகிறவர் பொருளாளராக இருப்பார்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இந்தச் சடங்குகள் பிடிக்கும். ஒன்றுகூடலில் வயதில் மூத்தவரும் வயதில் இளையவரும் சேர்ந்து ஒரே திரியை ஏற்றுவார்கள். பிறகு பள்ளிக்கீதம். ஸ்தேன் புறநகரிலிருந்து வந்த டாக்சிக்காரரும் வங்கியில் பெரிய கதிரையில் இருப்பவரும் தோளோடு தோள் நிற்பார்கள். காணித் தகராறில் முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே வரியை ஒரே மூச்சில் பாடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் எல்லாரும் ஒரே வகுப்புப் பெடியங்கள்தான். இதை எந்தப் பணக்காரனாலும் வாங்கித் தர முடியாது.

எங்களில் ஒருவர் இறந்துபோனால் பெட்டியின்மேல் பள்ளிக்கொடியைப் போர்த்துவோம். இரண்டு பக்கமும் டையோடு நின்று அதே கீதத்தைப் பாடுவோம். உறவுக்காரர் ஊரிலும் கனடாவிலும் சிதறிக்கிடக்கிற மனிதனுக்கு, தூக்கிவிட நாலு தோள் இருக்கிறது என்று காட்டுகிற சடங்கு அது.

சனிக்கிழமை அந்தச் சடங்கு நடக்கவில்லை.

இறந்தவர் நேசண்ணை. லா கூர்னெவ்வில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். எங்கள் ஒன்றுகூடல் மண்டபத்தில் கதிரை அடுக்குவது அவர். ஸ்பீக்கர் பெட்டி தூக்குவது அவர். வாழைமரம் கட்டுவதும் அவர்தான் – பாரிஸில் வாழைமரத்துக்கு எங்கே போவார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கீதம் பாடும்போது கதவோரமாக நின்று, கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்துப் பாடுவார். டை இல்லாமல்.

ஏன் டை இல்லை? அவர் உறுப்பினர் இல்லை. சங்கத்தின் யாப்பின்படி, அதாவது அமைப்பு விதிப்படி, எங்கள் பள்ளியில் ஓ.எல். என்கிற பொதுப் பரீட்சை எழுதியவர்தான் உறுப்பினர். நேசண்ணை ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஊரே இடம்பெயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஆமிக்காரன் முகாம் போட்டான். பிறகு பள்ளிக்கூடம் வேறோர் இடத்தில், தகரக் கொட்டகையில் நடந்தது. எங்கள் குடும்பம் ஏறிய டிராக்டர் அந்தப் பக்கம் போனது. அவர்கள் ஏறியது வன்னிப் பக்கம் போனது. நான் பரீட்சை எழுதினேன், உறுப்பினரானேன். அவர் நலன்விரும்பி ஆனார்.

ஆமாம், அதுதான் எங்கள் சங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம். நலன்விரும்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அவருக்கு ஒரே மகள், சாருகா. இங்கே பிறந்தவள். ஒரு வர்த்தகக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரமே புதுப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே கூட்டிப்போய், குப்பைப் பையை உடுப்பாகப் போட்டு, தலையில் மாவு கொட்டி, ஏதோ பாட்டுப் பாடவைத்து, கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவரைக் காட்டி, இனி இவர்தான் உனக்கு ஞானத்தகப்பன் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது தாய்க்காரி கலா அக்கா பதறிப்போனார். நேசண்ணைக்கோ ஒரே சந்தோஷம். எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"எங்கடை ஆக்கள் மாதிரித்தான் தம்பி. ஒருக்கா உள்ளுக்கை எடுத்தாப் பிறகு விடமாட்டாங்களாம்."

எங்கடை ஆக்கள்!

நோய் முற்றிய பிறகு அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். பெட்டியின்மேல் கொடி, பக்கத்தில் அந்தக் கீதம். அவர் கண்ணை மூடிய மறுநாள் கலா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவர் வேறை ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஒருக்காச் சங்கத்திலை கதைச்சுப் பாருங்கோ."

இதில் கதைக்க என்ன இருக்கிறது அக்கா, எல்லாரும் வருவோம் என்றேன். எனக்கு எங்கள் ஆட்களை அவ்வளவு தெரிந்திருக்கிறது!

பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் அவசரக் கூட்டம். வடை வந்தது, பிளேன் டீ வந்தது, யாப்பும் வந்தது.

"ஆள் தங்கமான ஆள். அதிலை ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்து இல்லை" என்று தொடங்கினார் செயலாளர். இப்படித் தொடங்கினால் முடிவு என்ன என்று உங்களுக்கும் தெரியும்தானே? "ஆனா யாப்பு எண்டு ஒண்டு இருக்கெல்லோ. ஓ.எல். எடுத்தவைக்குத்தான் கொடி."

"அவர் எங்கடை பள்ளியிலை படிச்சதை நான் கண்ணாலை கண்டனான். எனக்கு ரெண்டு வகுப்பு மேலை" என்றேன்.

"உங்கடை ஞாபகத்தை நாங்கள் யாப்பிலை சேர்க்கேலாது அண்ணை."

இன்னொருவர் வடையை விழுங்கிவிட்டுச் சொன்னார். "இண்டைக்கு இவருக்கு விட்டா, நாளைக்கு மதிலாலை எட்டிப் பாத்தவனும் கொடி கேப்பான்."

சிலர் சிரித்தார்கள். நான் எழும்பிக் கத்தினேன். உங்களுக்குப் பத்திரிகையில் எழுதத்தான் தெரியும், சங்கம் நடத்தத் தெரியாது என்றார்கள். அது உண்மைதான்.

தலைவருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. பள்ளி விடுகைப் பத்திரம் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று அங்கிருந்தே கலா அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"வீடே இல்லாமல் போச்சுது. விடுகைப் பத்திரத்துக்கு நான் எங்கை போறது?" என்றார் கலா அக்கா. அழவில்லை. "உங்களை வில்லங்கப்படுத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வைத்துவிட்டார்.

நேசண்ணை இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கடதாசியும் இல்லை. அகதி அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரி, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். எந்த ஊர், எப்படி ஓடினாய், யார் யாரைப் பறிகொடுத்தாய்... கேட்டுவிட்டு நம்பினாள். விசா கிடைத்தது. அவருடைய மொழி தெரியாத, அவருடைய ஊரை வரைபடத்தில் தேடிப் பார்த்த ஒருத்தி அவருடைய வாயை நம்பினாள். அதே ஊரில் பிறந்து, அதே குண்டுக்குப் பயந்து, அதே பதுங்குகுழிக்குள் குந்தியிருந்த நாங்கள் பத்திரம் கேட்டோம்.

எங்களுக்கு என்னதான் பிரச்சினை? காணி போனது. வீடு போனது. ஊரில் இருந்த சொந்தமும் பாதி போனது. மிஞ்சியது இந்தப் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்றுதான். அதையாவது எல்லாருமாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கலாம். நாங்கள் அதைச் சுற்றியும் வேலி அடைத்தோம். கதியால் நட்டு, கிடுகு கட்டி, நாய் நுழைகிற பொட்டையும் அடைத்தாயிற்று. வெளியே நிற்பவன் யார் என்று பார்த்தால், உள்ளே கதிரை அடுக்கியவன்.

கடைசியில் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. கொடி இல்லை. கீதம் இல்லை. விரும்பியவர்கள் டையோடு போகலாம். சங்கத்தின் சார்பில் ஒரு மலர்வளையம், அதில் "எமது நலன்விரும்பிக்கு" என்று ஒரு ரிப்பன். ஏகமனதாக என்று குறித்துக்கொண்டார்கள். நான் மறுத்ததைக் குறிக்கவில்லை.

சனிக்கிழமை தகனசாலை மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பண்டகசாலையில் அவரோடு வேலை செய்த ஆபிரிக்கர்களும் அரபுக்காரர்களும் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் பின்வரிசையில், டையோடு. கிரியைகள் முடிந்தன. நேரமாகிறது என்று அங்கே பொறுப்பாக நின்ற பிரெஞ்சுக்காரர் மெல்லக் கைகாட்டினார்.

அப்போது சாருகா எழும்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். மைக் எடுக்கவில்லை. எங்கள் பள்ளிக்கீதத்தைப் பாடத் தொடங்கினாள்.

அவள் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை. அது இருக்கிற ஊரைக்கூடக் கண்டதில்லை. தகப்பன் சவரம் செய்யும்போது பாடுவதைக் கேட்டு வளர்ந்த பாட்டு. ரகரமெல்லாம் பிரெஞ்சுத் தொண்டையிலிருந்து வந்தது. ஆனால் மெட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை.

பின்வரிசையில் என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் எழும்பி நேராக நின்றார்கள். பழக்கம்! கீதம் கேட்டால் எங்களுக்குக் கால் தானாகச் சேர்ந்துவிடும். வாய்தான் திறக்கவில்லை. ஒருவருடைய உதடு அசைந்தது. செயலாளரைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்திவிட்டார். நான் பாடினேன். சத்தம் வெளியே வரவில்லை. ஆனாலும் பாடினேன்.

இரண்டாவது சரணம் முடிந்தது. மூன்றாவதுக்காக நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவள் பாடவில்லை. பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தாயின் பக்கத்தில் போய் இருந்தாள்.

வெளியே வந்தபோது செயலாளர் அவளிடம் போனார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்து நானும் கிட்டப் போனேன்.

"நல்லாப் பாடினீங்கள் பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனா அதிலை மூண்டாவது சரணமும் ஒண்டிருக்கு. அதைப் பாடாமல் முடிக்கிறதில்லை."

சாருகா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் அங்கிள். அப்பா முழுக்கப் படிக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."