அத்தங்காவுக்காக மோந்து பார்த்தது

போன வாரம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இருக்கைக்கு வந்த பெண்ணிடமிருந்து ஆரஞ்சுப் பூ வாசனை அடித்தது. பூவின் பக்கமே போகாத செண்ட். அதை உடனே சொல்ல எனக்குத் தெரிகிறது என்றால் காரணம் என் அத்தை மகள். என்னைவிட மூத்தவள் என்பதால் எங்கள் வழக்கப்படி அத்தங்கா. அவள் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. நான் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் சட்டென்று வருவதில்லை.

கரமனையில் தன் வீட்டின் பின்பக்க அறையில் அத்தங்கா செண்ட் தயாரித்தாள். ரசாயனம் கிடையாது, பூ, வேர், மரம் இவற்றின் எண்ணெய்கள் மட்டும். பேர் வாங்கிக் கொடுத்தது ஆரஞ்சுப் பூ செண்ட்தான். பூவின் எண்ணெய் வெளியூரிலிருந்து வரும். அதோடு சந்தனம், வெட்டிவேர், பேருக்குக் கொஞ்சம் ஏலம். ஆனால் இந்த எண்ணெய் ஒரு வருஷம் போல மறு வருஷம் இருக்காது. மழை கூடினால் ஒரு குணம், வெயில் கூடினால் வேறு குணம். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் அளவை மாற்றி மாற்றிப் பழைய வாசனைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை. வேலை நாளில் அவள் தலையில் பூ வைக்க மாட்டாள், பவுடர் பூச மாட்டாள். செண்ட் விற்கிறவள் மேல் சோப்பு வாசனைகூடக் கிடையாது என்று அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பாங்க் வேலையில் இருந்த நான் விடுமுறை நாட்களில் போய்ப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். என் மூக்கு அப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்ட மட்டுமே பயன்பட்டது.

ஒரு மழைக்காலத்தில் அவளும் அத்திம்பேரும் காய்ச்சலில் விழுந்தார்கள். அத்திம்பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அத்தங்கா அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அவள்மேல் கோபம்தான். அந்த மனுஷருக்காக நான் அழுத அளவுகூட அவள் அழவில்லையே என்று.

பிறகு புதுச் சரக்கு வந்தது. ஓணத்துக்குச் செண்ட் வேண்டும் என்று கிழக்கேகோட்டைக் கடைக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார். அத்தங்கா காகிதக் கீற்றை எண்ணெயில் தோய்த்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"நேக்கு ஒண்ணும் மணக்கலைடீ. காய்ச்சலோட போயிடுத்து. யார்ட்டயும் சொல்லலை, கேட்டியா. நீ மோந்து சொல்லு."

வாசனையை எப்படிச் சொல்வது? பழைய புட்டியில் மிச்சமிருந்ததையும் புதியதையும் மாற்றி மாற்றி மோந்தேன். புதியதில் நாரத்தை இலையைக் கிழித்தாற்போல ஒரு பச்சை வாடை தூக்கலாக இருக்கிறது என்றேன். அவள் சந்தனம் சேர்த்தாள். இப்போது தேன், ஆனால் கடைசியில் கசக்கிறது என்றேன். அடுத்த கலவையில் வெட்டிவேரைக் குறைத்தாள். மாலைக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அடுத்த முறை போனபோது அறைக்கதவைச் சாத்திவிட்டு, இறுக்கமாக மூடிய ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே அத்திம்பேரின் சட்டை. தீட்டு என்று வீட்டிலிருந்த துணியையெல்லாம் நனைத்துத் துவைத்தபோது இதை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அவர் எப்படி இருக்கார்னு சொல்லு" என்றாள்.

முகத்தைப் புதைத்து மோந்தேன். விபூதி. வியர்வை. தோள்பக்கம் தேங்காயெண்ணெய். பையில் சுக்கு மிட்டாய். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு போகும்போதெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் வெறும் துணி வாசனைதான் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் என்னால் முடியவில்லை.

"ஒண்ணும் இல்லை அத்தங்கா."

சட்டையை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வாளியில் முக்கி, சோப்புப் போட்டு, கழுத்துப்பட்டையை மட்டும் வெகுநேரம் தேய்த்தாள். "இந்தக் காலர் அழுக்கு என்னிக்கும் போனதே இல்லை, பாரு" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.