செல்வி அக்காவுக்குச் சொன்ன சண்டைகள்

சூடேறிய டிவிப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தூசு கருகும் வாசனையும், அறை மூலையில் அடுக்கியிருக்கும் சாக்குகளிலிருந்து ஏலக்காய் வாசனையும் கலந்து வரும் ஒரு நெடியில்தான் என் சிறுவயதின் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்கள் கழிந்தன. போடிநாயக்கனூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு "லைன் வீடு". ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே, சுவருக்குச் சுவர் ஒட்டி நின்ற சின்னச் சின்ன வீடுகள். அந்த வரிசையில் டிவி இருந்தது மைமூனம்மா வீட்டில் மட்டும். அவர் கணவர் மலையிலிருந்து ஏலக்காய் வாங்கி வந்து ஏலத்துக்குக் கொண்டுபோகும் சிறு வியாபாரி. வாரம் முழுக்க மலைமேல்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வரிசையில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும், சில பெரியவர்களும் அங்கே கூடிவிடுவோம். மைமூனம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: சாக்கின்மேல் யாரும் சாயக் கூடாது, காய் தெறித்துவிடும்.

கூரைமேல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கமாகத் திருப்பிக் கட்டிய ஆன்டெனா காற்றில் அசைந்தால் திரையில் "பூச்சி பறக்கும்". அந்தப் பூச்சிகளுக்கு நடுவே கதாநாயகன் பத்துப் பேரை அடித்துத் தள்ளுவதை வாய் பிளந்து பார்ப்போம். படம் முடிந்ததும் வெளியே வந்து அதையே ஒருவர்மேல் ஒருவர் செய்து பார்ப்போம். முழங்கால் சிராய்ப்பும் கிழிந்த சட்டையும் அந்த விளையாட்டில் சாதாரணம். ஒரு ஞாயிறு அன்று, எங்களில் மூத்தவனான சேகர், தண்ணீர்த் தொட்டியின் சுவரிலிருந்து வில்லன்மேல் பாய்ந்தான். வில்லனாக நின்ற பையன் விலகிக்கொண்டான். சேகருக்குக் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அவன் அம்மா பாக்கியம் மறுநாள் காலையிலேயே மைமூனம்மா வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டு டிவிதான் என் பிள்ளை கையை ஒடித்தது என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, படத்தில் முதல் சண்டை தொடங்குவதற்கான மேளச் சத்தம் கேட்டதும் மைமூனம்மா எழுந்துபோய், பெட்டியின் இரு பக்கமும் இருந்த மரத் தடுப்புகளை இழுத்து மூடினார். அந்தக் காலத்து டிவிப் பெட்டிகளுக்குக் கடைக்கு இருப்பதுபோல "ஷட்டர்" உண்டு. சத்தத்தை மட்டும் அவர் குறைக்கவில்லை; சண்டை முடிந்தது தெரிய வேண்டுமே. சில நாள் மேளத்தை நம்பிக் கல்யாணக் காட்சிக்கும் மூடிவிடுவார். தாலி கட்டி முடித்த பிறகு திறப்பார்.

அப்படித்தான் நாங்கள் சண்டைகளைக் காதால் பார்க்கத் தொடங்கினோம். மூடிய பெட்டிக்குள்ளிருந்து "டிஷ்யூம்" வரும், கண்ணாடி உடையும், எதுவோ உருளும். சேகர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இது பீப்பாய், இது மாடிப்படி, இது கண்ணாடி அலமாரி என்று பிரித்துச் சொல்வான். எங்கள் விளையாட்டும் மாறியது. ஒருவரை ஒருவர் தொடாமலே, சொந்தத் தொடையைத் தட்டிச் சத்தம் எழுப்பி அடித்துக்கொண்டோம். எதிரில் நிற்பவன் கை படாமலே பறந்துபோய் விழுவான். பெரியவர்கள் இதைப் பார்த்து நிம்மதி அடைந்தார்கள்.

இந்தச் சண்டைகளை நாங்கள் யாருக்காகக் கவனமாகக் கேட்டோமோ அவள் ஒருநாளும் அந்த அறைக்கு வந்ததில்லை. மைமூனம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த செல்வி அக்காவுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்களின் மகள்; மாரி என்ற ஜீப்பு டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழே இறங்கி வந்தவள். அவர் விடியுமுன்னே தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போவார். அவள் ஏலக்காய்க் குடோனுக்கு, தரம் பிரித்துக் காய் பொறுக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாரியண்ணன் முழு நாளும் வீட்டில் இருப்பார். நாலு பேர் கூடும் இடத்தில் தன் பெண்டாட்டிக்கு என்ன வேலை என்பது அவர் பேச்சு. ஆகவே அவளுக்கான படம் திங்கட்கிழமைதான் ஓடும். குடோனிலிருந்து வந்து, பொதுக் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "ம், விடுங்க ரீலை" என்பாள். எத்தனை கழுவினாலும் அவள் விரல்களில் ஏலக்காய் வாசம் இருக்கும்.

நாங்கள் பார்த்த கதையைச் சொல்லி, பார்க்காத சண்டைகளை இட்டுக்கட்டிச் சொல்வோம். சேகரின் சண்டைகளில் கதாநாயகன் ஜீப்பை ஒற்றைக் கையால் தூக்குவான், போடிமெட்டு வளைவில் லாரியிலிருந்து லாரிக்குத் தாவுவான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "ஏலே, போன வாரமும் ஜீப்பத்தான தூக்குனான். இந்த வாரம் ஒரு பஸ்சையாவது தூக்கச் சொல்லுடா" என்பாள். அப்படிக் கேட்பவர் ஒருவர் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் பொய் சொல்லாது?

ஒரு திங்கட்கிழமை அவள் சிரிக்காமல் ஒன்று கேட்டாள்.

"அடி வாங்குனவனுக்கு வலிச்சுச்சாடா?"

வில்லனுக்கு வலிக்காது என்று சேகர் சொன்னான்.

"வலிக்காம இருக்குமா? மூஞ்சியில தெரிஞ்சிருக்குமே."

முகத்தைத்தான் நாங்கள் பார்க்கவே இல்லையே. அன்று அவள் கன்னத்தில் ஒரு பக்கம் கன்றியிருந்தது. மேலே இருந்து தகரப் பெட்டி விழுந்துவிட்டது என்று, யாரும் கேட்காமலே சொன்னாள். லைன் வீட்டுச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று எல்லாருக்கும் தெரியும். தகரப் பெட்டி விழவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். மாரியண்ணன் குரல் உயரும் நேரங்களில் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். எங்களை வெளியே போய் விளையாடச் சொல்வார்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. படத்தின் கடைசிச் சண்டை, ஷட்டர் மூடியிருந்தது. உள்ளே அடி விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று கரண்டு போனது. மின்விசிறி நின்றது, டிவி அடங்கியது. அடி விழும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது. அதற்கு மேளம் இல்லை, எதிரொலி இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல ஒரு மந்தமான சத்தம். சேகர் பழக்கத்தில் "இது பீப்பாய் இல்ல" என்றான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புருசன் பெண்டாட்டி விவகாரத்தில் நமக்கு என்ன சோலி என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். கரண்டு இப்போது வந்துவிடும், எல்லாரும் உட்காருங்கள் என்றாள் பாக்கியம்.

சேகர் எழுந்து வெளியே போனான். நாங்கள் பின்னால் போனோம். அதில் வீரம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்று வீட்டிலும், கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி அடிபடும்போது கதவைத் திறந்துகொண்டு யாராவது வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். யாரும் வராத படம் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்திருக்கவில்லை.

சேகர் கதவை உதைத்தான். அது தாழிடாமல் சும்மா சாத்தியிருந்ததால், உதைத்த வேகத்தில் அவனே உள்ளே போய் விழப் பார்த்தான். மாரியண்ணன் ஓங்கிய கையோடு திரும்பினார். அடுப்பு மேடை ஓரமாக அக்கா உட்கார்ந்திருந்தாள், முகத்தின் குறுக்கே ஒரு கையை வைத்துக்கொண்டு. எங்களைக் கண்டதும் அந்தக் கையை இறக்கினாள். அப்போதுதான் அடி வாங்கியவரின் முகத்தை நாங்கள் பார்த்தோம். அதில் வலியைவிட வெட்கம் அதிகம் இருந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம்.

சேகருக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாவுக்கட்டுக் கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான்: "டிஷ்யூம்." வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் தொடையைத் தட்டிக்கொண்டு அதையே கத்தினோம். மாரியண்ணன் சேகரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"பிள்ளைய விடு மாரி" என்ற குரல் எங்கள் பின்னால் கேட்டது. மைமூனம்மா.

"இது எங்க வீட்டு விசயம்மா. நீங்க போங்க."

"சத்தம் எங்க வீட்டுக்குள்ளதானப்பா வருது. பிள்ளைக கெட்டுப்போகும்னு பொட்டியத்தான் மூடுனேன். செவுத்த எப்பிடி மூடுறது?"

அதற்குள் பாக்கியம் எங்களை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகன் சட்டையில் இருந்த கையைப் பார்த்தாள். "அந்தக் கைய எடுத்துரு. இல்ல, ஒன் ஜீப்பு இந்தத் தெருவத் தாண்டாது" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள், ரேடியோவைக் கூட்டி வைத்தவர்கள்தான். மாரியண்ணன் கையை எடுத்தார். மைமூனம்மா உள்ளே போய், "எந்திரி செல்வி" என்று அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

அவள் அந்த அறையில், சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். மைமூனம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டு வந்ததும் மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஆட்கள் பேசினார்கள். கொஞ்சம் திறங்களேன், நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று செல்வி அக்கா கேட்டாள். திறந்தபோது சண்டை முடிந்திருந்தது. கதாநாயகனின் குடும்பம் வரிசையாக நின்று சிரித்தது, திரையில் "வணக்கம்" என்று எழுத்துப் போட்டார்கள். "இம்புட்டுத்தானா?" என்றாள் அவள், வீங்கிய உதட்டோடு.

மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது மைமூனம்மாவின் கணவருக்குத் தெரிந்த ஒரு ஜீப்பில் அவளைக் குரங்கணிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் துவைக்கிற கல் காலியாக இருந்தது. முதல்முறையாகக் கண்ணால் பார்த்த ஒரு சண்டை எங்களிடம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. நாங்கள் கல்லைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். பின்னால் வந்த ஞாயிறுகளில் மைமூனம்மா ஷட்டரை மூடுவதை விட்டுவிட்டார். ஆனாலும் படம் பார்ப்பதில் எங்களுக்குப் பழைய ஆசை வரவில்லை. மாரியண்ணன் சில வாரங்களில் வீட்டைக் காலி செய்தார். அவளைச் சமாதானம் பேசி அழைத்துவரப் போனார் என்று சிலர் சொன்னார்கள். கேரளத்துப் பக்கம் வேறு வண்டி ஓட்டப் போய்விட்டார் என்று சிலர்.

டிவியில் காட்டும் வன்முறை பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று எழுதித் தரும்படி பத்திரிகைகளில் அவ்வப்போது கேட்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன். சேகர் தொட்டிச் சுவரிலிருந்து குதித்ததும் அந்தக் கதவை உதைத்ததும் ஒரே பெட்டியைப் பார்த்துத்தான். முதலாவதை எழுதினேன், இரண்டாவதை எந்தப் பத்தியில் வைப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது; சுவர்கள் கனமானவை, ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. என் மகன் சண்டைப் படங்களைக் காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு தனியாகப் பார்க்கிறான். பார்த்து முடித்த பிறகு அவன் எங்கேயும் ஓடுவதில்லை. யாரும் அவனுக்காகக் கல்லில் உட்கார்ந்து காத்திருப்பதில்லை.

என் பத்திரிகைத் தொழிலில் ஆட்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. குரங்கணிக்குப் போய் இரண்டு வீட்டில் விசாரித்தால் செல்வி அக்காவைப் பற்றித் தெரிந்துவிடும். இதுவரை நான் போகவில்லை. இப்படிப் பிறந்த வீட்டுக்குப் போன பெண்களில் எத்தனை பேரைத் திரும்ப அனுப்பிவைப்பார்கள் என்பதைச் செய்தி மேசையில் இருந்து பார்த்தவள் நான். அவளுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எங்கே இருந்தாலும் அவள் வீட்டில் ஒரு டிவி இருக்கும், அதற்குத் தடுப்பு இருக்காது. சண்டைக் காட்சிகளை அவள் கண்ணாலேயே பார்த்திருப்பாள். எந்தப் படத்திலும் யாரும் ஒற்றைக் கையால் ஜீப்பைத் தூக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை திங்கட்கிழமையும் பிள்ளைகள் வாயில் வந்ததையெல்லாம் அடித்துவிட்டிருக்கிறார்கள் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் பயப்பட யாரும் இல்லாத ஒரு வீட்டில், அவள் சிரித்திருக்க வேண்டும்.