எண்ணெய்த் தலையும் சூட்டுச் சீப்பும்

ரெனான் என்ற குளிர்தேசத்து ஊரில் நாங்கள் இருக்கும் அகதிகள் விடுதியில், அடுத்த அறையில் சயீர் நாட்டுப் பெண் ஜோசஃபின் இருக்கிறார். குளிர் தொடங்கியதும் அவருடைய தலைமயிர் வறண்டு உடைந்தது. ஒரு காலை, பொதுச் சமையலறையில் என் மனைவி அவருடைய உச்சியில் தாராளமாக நல்லெண்ணெய் தேய்த்தாள்.

"இவருக்கும் வைச்சுப் பார்த்தனான். அங்க ஒண்டும் முளைக்கேல்லை," என்று என் வழுக்கையைக் காட்டினாள். மொழி புரியாமலே ஜோசஃபின் சிரித்தார். நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

எண்ணெய் வைத்தால் ஊறவிட்டு முழுகுவது எங்கள் வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து நாங்கள் சொல்லவில்லை. இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சிச் சுருள் மயிரை நீட்டுவது அவருடைய வழக்கம். மனைவி போத்தலை அறையில் வைத்துவிட்டு வருவதற்குள், ஜோசஃபின் அடுப்பில் காய்ந்த சீப்பைத் தலையில் வைத்துவிட்டார்.

கடுகு வெடிப்பதுபோல் சத்தம் கேட்டது. புகை எழுந்தது. கொதித்த எண்ணெய் கண்ணை நோக்கி வழிந்தது.

"ஐயோ, தண்ணியை ஊத்துங்கோ!" என்று ஓடிவந்த மனைவி கத்தினாள். நான் ஜோசஃபினின் தலையைக் குழாயடியில் பிடித்தேன்.

கண் தப்பியது. அவருடைய காதின் மேல் விரலகலத்துக்கு மயிர் இன்னும் முளைக்கவில்லை. மனைவி தாளிக்கும்போது நான் இப்போதும் வெளியே போய்விடுகிறேன்.

ஜோசஃபின் சீப்பைக் காய்ச்சுவதை விட்டுவிட்டார். ஈரத் தலையில் நுனிக்கு மட்டும் எண்ணெய் தடவிப் பின்னுகிறார். மயிர் உடைவது குறைந்திருக்கிறது. வேறு யார் எண்ணெய் கேட்டாலும், "வைச்சுப்போட்டு என்ன செய்வியள்?" என்று கேட்டுத்தான் கொடுக்கிறேன். ஜோசஃபின் வந்தால் அதைக் கேட்க வாய் வருவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அது ஆறும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.