மூன்றாவது வளைவில் பஞ்சர்

"பெங்களூருக்கு ஃபேன் எதுக்கு" என்று பெருமை பேசிய குடும்பம் எங்களுடையது. இந்தக் கோடையில் மர்பி டவுன் வீட்டில் விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்கியது. பொறுக்க முடியாமல் சனிக்கிழமை காலையிலேயே நானும் மனைவியும் கியர் சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிக்கபள்ளாப்பூர் பக்கத்து மலைக்குக் கிளம்பினோம். முதல் நாள் சைக்கிள், மறுநாள் நடை என்று திட்டம்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மிதிக்கத் தொடங்கினோம். மலைக்காற்று சில்லென்று இருந்தது. ஆனால் மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்க, இருவரும் இறங்கித் தள்ளினோம். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பஞ்சர் ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாம் பாழாய்ப்போன கௌரவம்.

அவர் என் சைக்கிளின் டியூபைக் கழற்றித் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று மனைவி வாய்விட்டே தமிழில் கேட்டாள்: "ஏங்க, இந்தப் பொய் தேவையா?"

அவர் டியூபை மாட்டிக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் போவதைப் பார்த்தபடி சாலையிலேயே நின்றார். அவர் கண்ணுக்கு மறையும்வரை உயிரைக் கொடுத்து மிதித்தோம். அடுத்த வளைவு திரும்பியதும் மறுபடியும் இறங்கித் தள்ளினோம்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. கடையில் நான் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலோடு அவரே வந்திருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லாமல், சுத்தமான தமிழில் கேட்டார்:

"மறுபடியும் பஞ்சரா சார்?"

மனைவி முந்திக்கொண்டாள். "ஆமாண்ணா. இந்தத் தடவை என்னுது."